வெந்நீர்ப் பவளம்

2064ஆம் ஆண்டு பங்குனி மாதம். வேலாமுனை அனல்மின் நிலையத்தை நிரந்தரமாக நிறுத்த இன்னும் பத்தொன்பது நாள் இருந்தபோது, ஜெசிந்தா மச்சாது அதுவரை யாரும் இறங்கியிராத தண்ணீரில் இறங்கினாள்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. பதினாறு வருடமாக அந்த நிலையத்தில் முக்குளிப்பு வேலை. இயந்திரங்களைக் குளிர்விக்கக் கடலிலிருந்து தண்ணீர் இழுக்கும் குழாய்களின் வாயில் மட்டி அப்பிக்கொள்ளும். சொறிமீன் கூட்டமாக வந்து அடைத்துக்கொள்ளும். முதுகில் சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கி அதையெல்லாம் சுரண்டி எடுப்பவள் அவள். ஆனால் அது தண்ணீர் உள்ளே போகிற பக்கம். உள்ளே போன தண்ணீர் சூடேறி வெளியே வந்து கடலில் விழும் வெந்நீர் வாய்க்கால், நிலையத்தின் தென்கோடியில் இருந்தது. அங்கே யாரும் போவதில்லை. நான்கு யூனிட்டும் ஓடிய காலத்தில் அந்தத் தண்ணீர் ஆளைப் புரட்டிப் போட்டுவிடும். கலங்கலில் நீட்டிய கை தெரியாது.

இப்போது மூன்று யூனிட்டுகளை நிறுத்தியாகிவிட்டது. ஒன்று மட்டும் ஓடியது. வாய்க்காலின் வேகம் தணிந்து, தண்ணீர் தெளிந்திருந்தது.

"வாய்க்கா வாயில என்ன கெடக்குன்னு பாத்து ஒரு ரிப்போர்ட் வேணும்மா" என்றார் தலைமைப் பொறியாளர் சங்கரசுப்பு. "மூடுறதுக்கு முந்தி கடல் இருக்கிற நெலமைய எழுதிக் கொடுக்கணும்னு சட்டம். பழைய இரும்பு, கான்கிரீட்டு, அதுதான் கெடக்கும். பாத்து எறங்குங்க, சூடு."

சூடுதான். மணிக்கட்டில் கட்டியிருந்த மானி முப்பத்தேழு டிகிரி காட்டியது. மூன்று மீட்டர் இறங்கினாள், நான்கு மீட்டர் இறங்கினாள். கீழே ஏதோ கிளை விரித்து நிற்பது தெரிந்து, விளக்கைத் திருப்பினாள்.

அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பவளம் என்றால் வெள்ளை. மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றிலும் அது எலும்புக் குவியலாகக் கிடந்தது. கால் வைத்தால் நொறுங்கும். உயிருள்ள பவளத்தை அவள் பள்ளிக்கூடத்துப் படத்தில் பார்த்ததோடு சரி.

இங்கே ஒரு காடு நின்றது. மான்கொம்பு போலக் கிளை கிளையாக, ஆளுயரத்துக்கும் மேலே. தேன் நிறம், பாக்கு நிறம், கிளை நுனியில் மங்கிய நீலம். வாய்க்காலுக்கு அடியில் எப்போதோ கொட்டிய கருங்கல்லையும் கான்கிரீட்டையும் அது முழுதாக மூடியிருந்தது. அதற்கப்பால் விருந்துப் பந்தி போட்டதுபோல அகன்ற தட்டுகள், ஒன்றுக்குமேல் ஒன்றாக. அந்தத் தட்டுகளின் அடியிலிருந்து விரல் நீள மீன்கள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்து, அவளைப் பார்த்து, ஒரே கணத்தில் ஒரே பக்கம் திரும்பின. விளக்கின் வெளிச்சம் எட்டிய தூரம் வரை அது போய்க்கொண்டே இருந்தது. வெளிச்சம் எட்டாத இடத்திலும் அது இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தபோது, சிலுவை போட்டுக்கொள்ளக் கை தானாக உயர்ந்து முகக்கண்ணாடியில் இடித்தது.

மேலே வந்ததும் சங்கரசுப்புவின் தேநீர் ஃபிளாஸ்கை வாங்கி, தேநீரைக் கடலில் கொட்டினாள்.

"ஏம்மா, என்ன பண்ணுதீங்க?"

"மன்னிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, ஃபிளாஸ்கில் அந்த வெந்நீரை நிரப்பி, உடைந்து கிடந்த ஒரு விரல் நீளக் கிளையை அதற்குள் போட்டு மூடினாள்.

பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கடலாய்வுக்கூடம் இருந்தது. நிலோஃபர் அங்கே விஞ்ஞானி. கீழக்கரைக்காரி, ஜெசிந்தாவைவிட எட்டு வயது இளையவள். தீவுகளில் மாதிரி எடுக்க ஜெசிந்தாவை அவ்வப்போது கூட்டிப்போவாள். அவள் அந்தத் துண்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை.

"ஜெசிந்தாக்கா, இது எங்க கிடைச்சுது?"

"ஆலையோட வெந்நீர்ல."

"விளையாடாதீங்க."

மறுநாள் இருவரும் சேர்ந்து இறங்கினார்கள். படகுக்குத் திரும்பியதும் நிலோஃபர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரித்த முகத்தோடு அப்படியே அழுதாள்.

"பவளத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்குக்கா. அதுதான் அதுக்குச் சோறாக்கிப் போடுது. கடல் சூடானா பாசி வெளியேறிடும். பவளம் வெளுத்து, பட்டினி கிடந்து செத்துரும். நம்ம கடல் கோடையில முப்பத்திநாலைத் தொட்ட வருஷம் எல்லாம் போச்சு. உலகம் பூராவும் அதான். சூடு தாங்குற பவளம் ஒண்ணு வேணும்னு எத்தனை நாட்டுல எத்தனை வருஷமா ஆய்வுக்கூடத்துல மல்லுக்கட்டுறாங்க தெரியுமா? இங்க முப்பத்தேழுல தோப்பா நிக்குது! நாப்பது வருஷமா, யாருக்கும் தெரியாம. முதல்ல வந்து ஒட்டினதுல லட்சத்துல ஒண்ணு பிழைச்சிருக்கும். அது பெருகினதுதான் இவ்வளவும்."

"அப்ப நல்ல சேதிதானே?"

நிலோஃபர் கரையில் நின்ற நான்கு புகைபோக்கிகளைப் பார்த்தாள். ஒன்றில் மட்டும் புகை வந்தது.

"இன்னும் பதினெட்டு நாள்ல இந்தத் தண்ணி ஆறிடும்க்கா. ஆறு டிகிரி சட்டுனு இறங்கினா அந்தப் பாசி தாங்காது. எல்லாம் செத்துரும்."

நாட்டில் மிச்சமிருந்தவை ஏழே நிலக்கரி மின் நிலையங்கள். ஏழையும் ஒரே நாளில் நிறுத்தச் சட்டம் போட்டிருந்தார்கள். வெயிலிலும் காற்றிலும் வருகிற மின்சாரமே போதும் என்றாகிவிட்டது. வேலாமுனை நின்றால் எந்த ஊரிலும் விளக்கு அணையப்போவதில்லை. ஆனால் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால், குழு ஒன்று விசாரித்து, ஒரு நிலையத்துக்கு அவகாசம் தரலாம். நிலோஃபர் எட்டு மாதம் கேட்டு எழுதினாள். மாதம் ஒரு டிகிரியாகச் சூட்டைக் குறைத்தால் பவளம் பழகிக்கொள்ளும்; பிறகு துண்டுகளைத் தீவுகளுக்குக் கொண்டுபோகலாம். சங்கரசுப்புவும் கையெழுத்துப் போட்டார். கண்ணால் கண்ட முதல் சாட்சி என்று ஜெசிந்தாவின் பெயரைச் சேர்த்தார்கள்.

அவளுக்கு அதில்தான் சிக்கல். அவளுடைய அக்கா மரிய பாக்கியம், நிலையத்தை மூடச் சொல்லி இருபத்துமூன்று வருடம் போராடியவள்.

பாக்கியத்தின் வீடு சாம்பல் குளத்துக்கு நேர் எதிரே, காற்று வீசுகிற பக்கம். எரித்த நிலக்கரியின் சாம்பலைக் கரைத்துக் கொட்டும் அந்தக் குளம் கோடையில் காய்ந்து பறக்கும். துணியில், தண்ணீர்க் குடத்தில், சோற்றுத் தட்டில் சாம்பல். அந்தத் தெருவில் இருமாத வீடு கிடையாது. பாக்கியத்துக்கு ஐம்பத்தைந்து வயதுதான்; மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நான்கு வருடமாக இருந்தாள். இரண்டு முறை மூடும் தேதி அறிவித்து இரண்டு முறையும் தள்ளிப்போட்டார்கள். இது மூன்றாவது தேதி.

ஜெசிந்தா எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏட்டி, நீ பாத்தது அவ்வளவு அழகா?" என்று கேட்டாள் பாக்கியம்.

"ஆமாக்கா."

"எப்பிடி இருந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லு."

ஜெசிந்தா அரைமணி நேரம் சொன்னாள். பாக்கியம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினாள்.

"எட்டு மாசம்னு கேப்பாவ. பொறவு இன்னொரு எட்டு. இங்க விட்டா மத்த ஆறு ஊர்லயும் ஒரு காரணம் கண்டுபிடிப்பாவ. அங்கயும் என்னைய மாரி ஒருத்தி குழாய மாட்டிக்கிட்டுக் கெடப்பா." மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டாள். "ஆனா நீ கண்டதக் கண்டபடி சொல்லு. குறைச்சுச் சொல்லாத. பொறவு, கேட்டா பதில் சொல்லு. ஊமையா மட்டும் நிக்காத."

விசாரணை நிலையத்தின் கலையரங்கத்தில் நடந்தது. மூன்று பேர் குழு. தலைமை ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், வெள்ளைக் கதர்ச் சேலை கட்டிய அம்மாள். ஒரு பக்கம் சாம்பல் குளத்துத் தெருக்காரர்கள். மறுபக்கம் நிலக்கரியை உள்ளே ஏற்றிச் செல்லும் பெல்ட்டில் வேலை பார்க்கும் முந்நூறு ஒப்பந்தத் தொழிலாளிகள். உள்ளே போகும்போது சங்கரசுப்பு ஜெசிந்தாவின் பக்கத்தில் வந்தார்.

"பவளம் கெடக்கட்டும்மா. இந்தப் பயலுவளப் பாருங்க. எட்டு மாசம் கெடச்சா வேற ஒரு வழி பண்ணிக்கிடுவானுவ. அவனுவளும் பாவம்தான?"

அவர் சொன்னதும் பொய்யில்லை. அதுதான் அவளை அதிகம் வாட்டியது.

மேடையில் அவள் கண்டதைச் சொன்னாள். உயரம், நிறம், மீன்கள், விளக்கு எட்டாத தூரம். அரங்கத்தில் இருமல் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. நிலோஃபர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

நீதிபதி அம்மாள் கேட்டார்: "நீங்க மட்டும்தான் அந்தத் தண்ணியையும் தெரிஞ்சவங்க, அந்தத் தெருவையும் தெரிஞ்சவங்க. உங்க அபிப்பிராயம் என்ன? ஓட்டணுமா, நிறுத்தணுமா?"

ஜெசிந்தா தெருக்காரர்கள் இருந்த பக்கம் பார்த்தாள்.

"நிறுத்திருங்கம்மா" என்றாள். "அதைவிட அழகா ஒண்ண நான் பாத்ததில்ல. இனியும் பாக்க மாட்டேன். அது செத்துரும்னு தெரிஞ்சேதான் சொல்லுதேன். சொன்ன தேதியில நிறுத்திருங்க. அழகா இருக்குங்கிறதுக்காக எங்க அக்காட்ட இன்னும் எட்டு மாசம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருன்னு என்னால சொல்ல முடியாது."

யாரும் கைதட்டவில்லை. தொழிலாளிகள் பக்கத்தில் ஒருவர் எழுந்து வெளியே போனார். நிலோஃபர் நிமிர்ந்து பார்த்த பார்வையை ஜெசிந்தா வெகுகாலம் மறக்கவில்லை.

இரண்டு நாளில் தீர்ப்பு வந்தது. அவகாசம் இல்லை.

மீதமிருந்த நாட்களில் நிலோஃபர் முடிந்ததைக் காப்பாற்றப் பார்த்தாள். ஜெசிந்தா கிளைகளை வெட்டி மேலே அனுப்பினாள். வெந்நீர் நிரப்பிய பீப்பாய்களில் அவற்றைச் சுமந்தவர்கள் பெல்ட் தொழிலாளிகள். வேலை போகப்போகிற அதே ஆட்கள். யாரும் கூப்பிடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கரி படிந்த கையோடு வந்து வரிசையாக நின்றார்கள். வாய்க்காலிலிருந்து தள்ளித் தள்ளி, சூடு குறையக் குறைய, இரும்புச் சட்டங்களில் அந்தக் கிளைகளைக் கட்டினார்கள். நாலாயிரம் துண்டு. ஐந்தாம் நாள் அவை வெளுக்கத் தொடங்கின. பத்தாம் நாள் எல்லாம் வெள்ளை.

நிலோஃபர் அதன்பிறகு ஜெசிந்தாவோடு பேசவில்லை. கோபித்துக்கொண்டு போகவுமில்லை. பேசுவதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

குறித்த நாளில், காலை பதினொரு மணிக்கு, கடைசி யூனிட்டை நிறுத்தினார்கள். நாற்பது வருடமாக ஊரின் அடியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ரீங்காரம் நின்றது. அப்படி ஒன்று இருந்ததே நின்றபிறகுதான் பலருக்குத் தெரிந்தது. தெருவில் நடந்தவர்கள் அப்படியே நின்றார்கள். நாய்கள் எழுந்து நான்கு பக்கமும் பார்த்தன. அடுத்த தெருவில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் பாக்கியத்தின் வீடு வரை தெளிவாகக் கேட்டது. அதற்குப் பின்னால் அலைச் சத்தம். கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதா என்று பாக்கியம் வியந்தாள்.

மூன்றாம் நாள் பிற்பகல், ஜெசிந்தா ஃபைபர் படகைத் தள்ளினாள்.

"எங்கட்டி போற?" என்று கேட்டாள் பாக்கியம்.

"பாத்துட்டு வாறேன். கொன்னவ ஒரு தடவையாவது போய்ப் பாக்க வேண்டாமா?"

"நானும்தான் அதுக்குக் காரணம்" என்று பாக்கியம் செருப்பை மாட்டினாள். சிறிய ஆக்சிஜன் உருளையை மடியில் வைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்தாள். தடுத்தால் கேட்கிற ஆள் இல்லை.

சூரியன் நிலையத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் ஓட்டமே இல்லை. மானி முப்பத்தொன்று காட்டியது. ஜெசிந்தா இறங்கினாள்.

காடு வெளுக்கத் தொடங்கியிருந்தது. தேன் நிறம் போய், பால் கலந்ததுபோல ஒரு மங்கல். எதிர்பார்த்ததுதான். ஒரு கிளையைத் தொடக் கையை நீட்டியவள், நிறுத்தினாள்.

கிளையின் மேல் ஊசித்துளைபோல நிறைந்திருந்த ஒவ்வொரு வாயிலும் ஒரு சின்ன மணி இருந்தது. இளஞ்சிவப்பு. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. பக்கத்துக் கிளையிலும் அப்படியே. அடுத்ததிலும். விளக்கைச் சுழற்றினாள். காடு முழுக்க, கோடிக்கணக்கான வாய்கள், ஒவ்வொன்றும் ஒரு மணியைக் கவ்விக்கொண்டு எதற்கோ காத்திருந்தன.

பிறகு ஒன்று விட்டது. அந்த மணி ஆடி ஆடி மேலே போனது. இன்னொன்று. பத்து. அப்புறம் மொத்தக் காடும் விட்டது.

மழை தலைகீழாகப் பெய்தால் அப்படித்தான் இருக்கும். கீழிருந்து மேலே, அவசரமில்லாமல், சத்தமில்லாமல், அவள் முகத்தையும் தோளையும் உரசிக்கொண்டு மணிகள் எழுந்தன. மேலே தெரிந்த கடைசி வெளிச்சத்தை அவை மறைத்தன. எது மேல் எது கீழ் என்று தெரியாமல் அவள் அந்த இளஞ்சிவப்புக்கு நடுவே தொங்கினாள். பயம் இல்லை. தன் பெயரே அவளுக்கு அந்த நேரத்தில் நினைவில் இல்லை.

மேலே வந்தபோது படகைச் சுற்றிக் கடல் நிறம் மாறியிருந்தது. பாக்கியம் விளிம்பில் குனிந்து, உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை நிறைய மணிகள்.

"ஏட்டி" என்றாள். "இது என்னதுட்டி? இது உயிரா?"

ஜெசிந்தா நிலோஃபரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "கடல் சிவக்குது டாக்டரம்மா. கெளம்பி வாங்க." முக்கால் மணி நேரத்தில் அவள் ஓடிவந்தாள். செருப்போடு இடுப்பளவு தண்ணீரில் நடந்து, கொண்டுவந்த ஜாடிகளை நிரப்பினாள்.

"முட்டைக்கா. எல்லாம் முட்டை. பவளம் முட்டை விடணும்னா தண்ணியில பருவம் மாறணும். சூடு ஏறணும், இறங்கணும். அதுதான் அதுக்கு மணியடிக்கிற மாதிரி. இந்தத் தண்ணியில பருவமே கிடையாதே. நாப்பது வருஷமா ராவும் பகலும் ஒரே சூடு. இது உடைஞ்சு உடைஞ்சுதான் பெருகியிருக்கு, முட்டை விட்டதே இல்ல. முட்டையிலருந்து வர்ற குஞ்சு அங்கங்க இருக்கிற பாசியைப் புதுசா சேர்த்துக்கும்; ஆறின தண்ணியிலயும் பிழைக்கலாம், தாயோட சூடு தாங்குற குணமும் இருக்கும்." ஜாடியைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் கேட்ட மாதிரி மாசம் ஒரு டிகிரியா இறக்கியிருந்தா, இது விட்டிருக்குமான்னு எனக்குத் தெரியல. விட்டிருக்காதுன்னுதான் தோணுது."

ஒரு வாரத்தில் வெந்நீர்க் காடு முழுதாக வெளுத்துச் செத்தது. அதன் எலும்பு இன்றும் அங்கே நிற்கிறது.

பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். தொலைநோக்கோடு பேசிய மீனவப் பெண் என்று எழுதினார்கள். ஜெசிந்தா ஒவ்வொருவரிடமும் மறுத்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது. அது சாகட்டும்னுதான் நான் சொன்னேன். அதையே எழுதுங்க." யாரும் அதை எழுதவில்லை.

நிலோஃபரின் தொட்டிகளில் முட்டைகளிலிருந்து பிறந்த குஞ்சுகள் சில நூறு பிழைத்தன. கடலுக்குள் போனவற்றைத் தேடி இருவரும் தீவு தீவாக அலைந்தார்கள். முதல் வருடம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வருடமும் இல்லை. வளைகுடாவின் இரு கரைகளிலும் மீனவர்களுக்கு ஒரு படத்தை அனுப்பி, இப்படி எதையாவது கண்டால் சொல்லுங்கள் என்று ஜெசிந்தாவின் எண்ணைக் கொடுத்திருந்தாள் நிலோஃபர். விஞ்ஞானியைவிட முக்குளிப்பவளிடம் பேச அவர்களுக்குக் கூச்சம் இருக்காது என்பது அவள் எண்ணம். யாரும் கூப்பிடவில்லை.

பாக்கியம் இரண்டாம் வருடம் ஐப்பசியில் காலமானாள். காற்று சுத்தமானாலும் நைந்த நுரையீரல் திரும்ப வராது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். சாம்பல் பறக்காத இரண்டு கோடையை அவள் பார்த்தாள். வெளுத்த துணியை வாசலில் காயப்போட்டு மாலையில் வெள்ளையாகவே எடுத்தாள். பெல்ட் தொழிலாளிகளில் பாதிப்பேர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அவள் அடக்கத்துக்கு அவர்களில் நாற்பது பேர் வந்திருந்தார்கள்.

மூன்றாம் வருடம், ஒரு காலை, ஜெசிந்தா வலை உலர்த்திக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. தெரியாத எண். வெளிநாட்டு எண்.

"வணக்கம் அக்கா. நான் மன்னாரில, பேசாலையிலயிருந்து கதைக்கிறன். என்ர பேர் அன்ரன். கடலட்டை பிடிக்கச் சுழியோடுற ஆள். நீங்கள் ஒரு படம் அனுப்பியிருந்தீங்கள் எல்லோ? எங்கட சங்கத்தில ஒட்டியிருக்கு."

"ஆமா தம்பி. சொல்லுங்க."

"எங்கட செத்த பவளப் பாரில ஒரு சாமான் முளைச்சிருக்கு அக்கா. உயிரோட. எங்கட அப்பா காலத்திலயும் கண்டதில்லையாம். உள்ளங்கை அளவு. போன கோடைச் சூட்டில எல்லாம் அவிஞ்சு போச்சு, இது மட்டும் அப்பிடியே நிக்குது."

ஜெசிந்தா மணலில் உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணா தம்பி? ரெண்டா?"

மறுமுனையில் அவன் சிரித்தான். "என்ன கேக்கிறீங்கள்! நேத்து எண்ணத் தொடங்கினனான். எண்ண எண்ண முடியேல்லை. பார் முழுக்க அதுதான். அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகுது எண்டு நான் இன்னும் போய்ப் பாக்கேல்லை."

அலை வந்து பாதத்தை நனைத்துவிட்டுப் போனது.

"அக்கா? கேக்குதோ?"

"கேக்கு தம்பி" என்றாள் ஜெசிந்தா. "சொல்லுங்க. மறுபடியும் முதல்லயிருந்து சொல்லுங்க."